கண்ணாடிக் கதவு சிதறிய கேசிங்: கொக்குவிலில் இருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

தைப்பொங்கலுக்கு முந்தின சனிக்கிழமை காலை, யாழ்ப்பாணம் கொக்குவிலில் எங்கள் வீட்டு விறாந்தையில், ஒரு கணினிக் கேசிங்கின் பக்கக் கதவு ஒரே நொடியில் ஒரு துண்டிலிருந்து நாலாயிரம் துண்டானது. எண்ணிப் பார்க்கவில்லை, கூட்டி அள்ளினவனுக்குத் தெரியும். கையிலிருந்து நழுவவில்லை, யாரும் தட்டவும் இல்லை. நாலு ஸ்குறூவையும் கழற்றி, கைக்குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் தூக்கி, சுவரோடு சாய்த்து நிலத்தில் வைத்தேன். கீழ் மூலை ரைல்ஸில் பட்டது. மெல்லத்தான் பட்டது. பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம், அப்புறம் என் காலைச் சுற்றிக் கல்கண்டு கொட்டிக் கிடந்தது.

குசினியிலிருந்து ஓடி வந்த அம்மா முதலில் என் காலைப் பார்த்தார், பிறகு நிலத்தைப் பார்த்தார். "உந்தப் பெட்டிக்குக் கண்ணாடிக் கதவு வேணுமெண்டு ஆர் அழுதது?" என்றார். அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் ஒழுங்கான பதில் இல்லை.

கணினி என்னுடையது இல்லை, அக்காவின் மகனுடையது. உயர்தரம் படிக்கிறான், இடையில் கலியாண வீட்டு வீடியோக்களை எடிட் செய்து கொஞ்சக் காசு பார்க்கிறான், மிச்ச நேரத்தில் கேம். கேசிங்கை வேறொரு பையனிடம் 9,000 ரூபாவுக்குப் பழசாக வாங்கினது. உள்ளே எரிகிற கலர் லைற் தெரிகிறது என்பதுதான் அதை வாங்கியதற்கு ஒரே காரணம். பொங்கலுக்கு வீடு துப்பரவாக்கும்போது "மாமா, இதையும் ஒருக்கால் தூசி தட்டித் தாங்கோ" என்று கொண்டுவந்து வைத்துவிட்டு ரியூசனுக்குப் போய்விட்டான். பின்னேரம் வந்து பார்த்தவன் ஒன்றும் பேசவில்லை. ஏசியிருந்தால்கூடப் பரவாயில்லை.

ஏன் இப்படி உடைந்தது

இது எனக்கு மட்டும் நடக்கிற விசயம் இல்லை. ரைல்ஸ் நிலமும் டெம்பர்ட் கண்ணாடியும் எங்கெல்லாம் சேர்கின்றனவோ அங்கெல்லாம் இதே கதைதான். டெம்பர்ட் கண்ணாடியை 600 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கி, உடனே காற்றை வேகமாக அடித்துக் குளிர வைப்பார்கள். வெளிப்பக்கம் முதலில் இறுகிவிடும், உட்பக்கம் பிந்தி ஆறிச் சுருங்கப் பார்க்கும்; அதனால் மேற்பரப்பு எப்போதும் நெருக்கப்பட்டபடியும் நடு எப்போதும் இழுபட்டபடியும் நிற்கும். அந்த நெருக்கம்தான் அதன் பலம். சாதாரணக் கண்ணாடியைவிட ஏறத்தாழ நாலு மடங்கு தாங்கும், முகத்தில் கையால் தட்டினால் ஒன்றும் ஆகாது. ஆனால் ஒரு கீறல் அந்த மேல்தோலைத் தாண்டி உள்ளே போய்விட்டால், அடக்கி வைத்த இழுவை முழுக்க ஒரே தடவையில் அவிழும். பாதி உடைவது என்ற பேச்சே கிடையாது.

அந்தக் கீறல் விழ மிகச் சுலபமான இடம் விளிம்பும் மூலையும். இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைந்த பாரம் முழுவதும் ஒரு ஊசிமுனை அளவு இடத்தில் இறங்குகிறது, கீழே இருப்பதோ போர்சலின் ரைல்ஸ். மோ அளவுகோலில் கண்ணாடியின் கடினம் ஐந்தரைக்குக் கிட்ட, போர்சலின் ரைல்ஸ் ஏழுக்குக் கிட்ட. அதாவது ரைல்ஸ் கண்ணாடியைக் கீறும், கண்ணாடி ரைல்ஸைக் கீறாது. இதே கதவைச் சாணி மெழுகின நிலத்தில் வைத்திருந்தால், சிவப்புச் சீமெந்து நிலத்தில் ஒரு சாக்கைப் போட்டு வைத்திருந்தால்கூட, இந்த ஆய்வுக்கு வேலை வந்திருக்காது. ஆறு வருசத்துக்கு முதல் விறாந்தைக்கு ரைல்ஸ் போடச் சொல்லி நச்சரித்தவன் நான்தான், அதையும் பதிந்து வைக்கிறேன்.

துண்டுகளைப் பொறுக்கின கதை

நான் செய்த இரண்டாவது பிழை, கதவை வைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே கேசிங்கைத் திறந்தபடி படுக்க வைத்திருந்தது. ஒரு கைப்பிடித் துண்டு உள்ளே போய்விட்டது. கண்ணாடிக்கு மின்சாரம் பாயாது, அதனால் மதர்போட், அதாவது எல்லாப் பாகமும் பூட்டியிருக்கிற பெரிய பலகை, ஷோர்ட் ஆகும் என்று பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது ஃபான் இறக்கைக்குள் சிக்குவதற்கும், வீடியோ காட் இறங்குகிற சொக்கற்றுக்குள் ஒரு துகள் இருந்து, காட்டை அழுத்தும்போது உள்ளிருக்கும் சின்னப் பற்களை வளைத்துவிடுவதற்கும்தான். பிளக்கைக் கழற்றி, வீடியோ காட், ராம் இரண்டையும் எடுத்து, கேசிங்கை நாலு பக்கமும் கவிழ்த்து மெதுவாகத் தட்டினேன். பவர் சப்ளையைத் தனியாகக் கழற்றிக் குலுக்கினபோது மூன்று துண்டு விழுந்தது. வாயால் ஊதவில்லை, ஊதினால் எச்சிலும் போகும், துகள் கண்ணுக்கும் வரும். மிச்சத்தை மென்மையான பெயின்ற் தூரிகையால் தட்டி எடுத்தேன்.

நிலத்தைத் தும்புத்தடியால் கூட்டியது போதவில்லை. ஈரக் கடதாசியால் ஒற்றி எடுத்து, இரவில் ரோச்சை நிலத்தோடு படுக்க வைத்து அடித்துப் பார்த்தால் மின்னுகிறது. அப்படித்தான் மிச்சத்தைப் பிடித்தேன். செருப்புப் போடாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள், டெம்பர்ட் துண்டு வெட்டாது என்று சொல்வது அரைவாசி உண்மை மட்டும்.

கதவே இல்லாமல் விட்டால் என்ன

செலவைக் குறைக்க நினைக்கிறவன் முதலில் கேட்கவேண்டிய கேள்வி இதுதான், நானும் கேட்டேன். கதவு இல்லாமல் ஓடினால் சூடு குறையும், அது உண்மை. ஆனால் யாழ்ப்பாணத்தில் ஒரு கிழமை விட்டுப் பார்த்ததில் மூன்று விசயம் தெரிந்தது. ஒன்று தூசி. எங்கள் வீடு ஒழுங்கைக்குப் பக்கத்தில், மழை விட்டு நிலம் காய்ந்தால் செம்மண் தூசி வீட்டுக்குள் வரும், முன் ஃபானில் இருக்கிற வடிகட்டியைச் சுற்றிக்கொண்டு நேராக உள்ளே போகும். இரண்டு பல்லி. ஐந்தாம் நாள் வீடியோ காட்டின் முதுகில் பல்லி எச்சம் கிடந்தது, ஆளைக் காணவில்லை. இளஞ்சூடு, இருட்டு, லைற்றுக்கு வருகிற பூச்சி, ஒரு பல்லிக்கு வேறென்ன வேண்டும். அது மதர்போட்டில் இரண்டு முனையைத் தொட்டபடி செத்தால் கதவுக்கு மிச்சம் பிடித்த காசைப்போலப் பல மடங்கு போய்விடும். மூன்றாவது, பக்கத்து வீட்டுச் சின்னப்பிள்ளை. சுற்றுகிற ஃபானும் கலர் லைற்றும் நாலு வயசுக்காரனுக்கு எப்படி இருக்கும் என்று நான் விளக்கத் தேவையில்லை.

அதனால் கதவு வேண்டும். எந்தக் கதவு என்பதுதான் பிரச்சினை.

கேசிங் கொம்பனிக்கு உதிரிக் கதவு கேட்டு ஒரு மின்னஞ்சல் போட்டேன், பதில் இல்லை. கொழும்பில் கணினிக் கடைகள் இருக்கிற பம்பலப்பிட்டி யூனிற்றி பிளாசாப் பக்கம் வேலை செய்கிற நண்பனிடம் விசாரிக்கச் சொன்னேன். தனிக் கதவு கிடையாது, முழுக் கேசிங்காக வாங்கினால் இதே தரத்தில் 17,500 என்று சொன்னான். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து சில வாரங்களில் 360 தாண்டியபோது ஏறின விலைகள் பழைய இடத்துக்குத் திரும்பி வரவில்லை, 2024 தையில் வற் வரி 18 வீதமாகவும் ஆனது. 9,000 ரூபாக் கேசிங்கின் கதவுக்காக 17,500 கொடுப்பது, செருப்பு வார் அறுந்ததற்குச் சைக்கிள் வாங்குவது மாதிரி. அப்படி வாங்கினாலும் அதுவும் கண்ணாடி, நானூறு கிலோமீற்றர் பஸ்ஸில் வரவேண்டும்.

கண்ணாடிக் கடையில் நடந்தது

யோசிக்காமல் முதலில் போனது அங்கேதான். நாலு மில்லிமீற்றர் சாதாரணக் கண்ணாடியை வெட்டி, நாலு மூலையிலும் ஓட்டை போட்டுத் தரலாம் என்றார்கள், விலையும் மலிவு. டெம்பர்ட் வேண்டும் என்றால் கொழும்புக்கு அனுப்பவேண்டும், ஒரு சின்னத் துண்டுக்காக அனுப்ப மாட்டோம் என்றும் சொன்னார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. டெம்பர் செய்த பிறகு கண்ணாடியை வெட்டவும் முடியாது, துளைக்கவும் முடியாது. அளவு, ஓட்டை, விளிம்பு எல்லாம் முடித்துவிட்டுத்தான் சூளைக்குள் போகவேண்டும். "பழைய டெம்பர்ட் கண்ணாடி மேசை ஒண்டு கிடக்கு, அதில வெட்டலாம்தானே?" என்று கேட்ட என் மச்சானுக்கும் இதே பதில். வெட்டலாம், விறாந்தைக்கு இன்னுமொரு தரம் கல்கண்டு கொட்டும்.

சாதாரணக் கண்ணாடியை நான் வேண்டாம் என்றதற்கு ஒரே காரணம் அது உடைகிற விதம். கத்திபோல நீட்டு நீட்டாக உடையும். பொடியனின் கால் படுகிற உயரத்தில், மேசைக்குக் கீழே நிற்கிற பெட்டிக்கு அது கூடாது.

அம்மா சொன்ன நுளம்பு வலை

இந்த வழி எனக்குத் தோன்றவில்லை, அம்மாவுக்குத்தான் தோன்றியது. யன்னலுக்கு அடிக்கிற நுளம்பு வலையை இதற்கும் அடித்தால் என்ன என்று கேட்டார். அலுமினியம் பிற்றிங் கடையில் யன்னலுக்கு அடித்து மிஞ்சின வலை அரை மீற்றர் 300 ரூபாவுக்குத் தந்தார்கள். இங்கே ஒரு விசயம் முக்கியம். கடைத் தம்பி முதலில் எடுத்து நீட்டியது அலுமினிய வலை, அதுதான் உறுதி என்றார். நான் கேட்டு வாங்கியது பைபர் வலை, அதாவது கண்ணாடி இழைக்கு மேல் பிளாஸ்ரிக் பூசினது. அலுமினிய வலையின் ஒரு நூல் அறுந்து மதர்போட்டில் விழுந்தால் அது கம்பி. பைபர் வலையின் நூல் விழுந்தால் வெறும் நூல்.

ஒட்டுவதற்கு என்ன செய்யலாம் என்று யோசித்தபோது, பிரிட்ஜ் திருத்துகிற அண்ணை ஒருவரின் கராஜ் வாசலில் கழற்றிப் போட்ட பிரிட்ஜ் கதவு றப்பர்கள் மலைபோலக் கிடந்தது ஞாபகம் வந்தது. பிரிட்ஜ் கதவு தானாக இழுத்து மூடுகிறதே, அந்த றப்பருக்குள்ளே நாடாபோல ஒரு காந்தம் ஓடுகிறது. ஒரு முனையை வெட்டி இழுத்தால் முழு நீளத்துக்கு உருவி வரும். காசு வாங்க மாட்டேன் என்றார், "உதைக் கொண்டுபோய் என்ன செய்யப் போறாய்?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். சிரித்துவிட்டு இன்னுமொரு றப்பர் எடுத்துத் தந்தார்.

அம்மா தையல் மெசினில் வலையின் நாலு ஓரமும் பழைய போர்வைச் சீலையால் கரை வைத்துத் தைத்தார், பாவாடைக்கு நாடா கோர்க்கிற மாதிரி உள்ளே ஒரு வழி விட்டு. அந்த வழிக்குள் காந்த நாடாவைத் தள்ளினேன். கேசிங் சட்டம் இரும்புத் தகடு, கொண்டுபோய்க் கிட்டப் பிடித்ததும் "டக்" என்று ஒட்டிக்கொண்டது. கழற்ற ஸ்குறூ றைவர் தேவையில்லை, நாடாவை உருவிவிட்டு வலையைத் தோய்த்துக் காயப் போடலாம். அந்த நாடாவின் காந்தம் எஸ்எஸ்டிக்கு, அதாவது சுழலுகிற பாகம் இல்லாத சேமிப்புக்கு, ஒன்றும் செய்யாது, சுழலுகிற பழைய ஹார்ட் டிஸ்க் இருந்தாலும் இவ்வளவு பலம் குறைந்த காந்தம் அதன் கூட்டைத் தாண்டி எதையும் அழிக்காது.

என்னைக் கேட்டால் நிகழ்வு இங்கே முடிந்தது. 300 ரூபா, ஒரு பின்னேரம். ஆனால் கணினியின் சொந்தக்காரனுக்கு உள்ளே இருக்கிற லைற் வடிவாகத் தெரியவேண்டும். "மாமா, இது கோழிக்கூடு மாதிரிக் கிடக்கு." கண்ணாடியை உடைத்தவன் நான், எதிர்த்துப் பேச வாயில்லை.

அக்ரிலிக்: கையால் வெட்டித் தோற்றது

அக்ரிலிக்கைப் பற்றி யூரியூப்பில் பார்த்தால் ஏதோ அப்பம் சுடுகிற மாதிரிக் காட்டுவார்கள். பெயர்ப்பலகை செய்கிற ஒரு கடையில் 3 மில்லிமீற்றர் வெட்டுத் துண்டு ஒன்றை 600 ரூபாவுக்கு வாங்கினேன். அளவு 430க்கு 395. கீறி உடைக்கிற கத்தியால் ஒரே கோட்டில் பத்துப் பன்னிரண்டு தரம் கீறி, மேசை விளிம்பில் வைத்து அழுத்தினேன், நேராக உடைந்தது. அந்த வெற்றி தலைக்கேறிவிட்டது. மரத்துக்குப் போடுகிற சாதாரண ட்றில் பிட்டைப் பூட்டி மூலையில் ஓட்டை போட ஆரம்பித்தேன். முதலாவது சரி, இரண்டாவது சரி, மூன்றாவதில் பிட் மறுபக்கம் வெளியே வருகிற நொடியில் அக்ரிலிக்கைக் கவ்வி இழுத்தது, மூலை கழன்று என் மடியில் விழுந்தது.

பிறகு தெரிந்துகொண்டது இது: சாதாரண பிட்டின் முனை கூராகச் சரிந்திருக்கும், அது அக்ரிலிக்கைச் சுரண்டாமல் திருகாணிபோல ஏறி இழுக்கும். பின்னால் ஒரு மரத்துண்டை இறுக்கிப் பிடித்து, மெல்லிய வேகத்தில், படிப்படியாகப் பெருக்கிற கூம்பு பிட்டால் போடவேண்டும். 350 ரூபாவுக்கு அந்தக் கூம்பு பிட்டையும் வாங்கினேன், வாங்கிக்கொண்டு வந்தபிறகுதான் லேசர் யோசனை வந்தது. அது இன்னும் உறையோடு கிடக்கிறது.

குங்குமமும் லேசரும்

அதே கடையில் லேசர் மெசின் இருக்கிறது என்று முதல் தரம் போனபோதே கண்ணில் பட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. இரண்டாம் தரம் போனபோது அண்ணை கேட்டது ஒன்றுதான்: "ஓட்டை எங்க வரும் எண்டு அளவு கிடக்கோ?" இல்லை. பழைய கதவு பொடியாகிவிட்டது, எதை வைத்து அளப்பது? கேசிங் சட்டத்தில் நாலு குமிழ் நிற்கும், ஸ்குறூ அதற்குள்தான் இறங்கும். மீற்றர் ரேப்பால் அளந்தால் ஒன்றிலிருந்து மற்றதற்கு ஒரு மில்லிமீற்றர் பிசகும், நாலாவதில் அது இரண்டாகும், ஸ்குறூ இறங்காது.

இதற்கு வழி சாமியறையில் கிடைத்தது. ஒரு பெரிய அட்டையைக் கதவின் அளவுக்கு வெட்டி, குங்குமத்தை நல்லெண்ணெயில் குழைத்து நாலு குமிழின் தலையிலும் தொட்டு வைத்தேன். அட்டையை மேல் விளிம்பில் சரியாகப் பொருத்தி ஒரே தரம் அழுத்தி எடுத்தால், நாலு சிவப்பு வளையம் பளிச்சென்று விழுந்திருந்தது. வளையத்தின் நடுதான் துளையின் நடு. அந்த அட்டையை விளிம்போடு அளவுகோல் வைத்துப் படம் எடுத்து, இங்க்ஸ்கேப்பில் ஒன்றுக்கு ஒன்று அளவில் வரைந்தேன், அது காசில்லாத மென்பொருள். வரைந்ததைக் கடதாசியில் அச்சடித்து மறுபடி கேசிங்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அண்ணைக்கு அனுப்பினேன். அச்சடிக்கும்போது பக்கத்துக்குப் பொருத்து என்ற தெரிவை நிறுத்தாவிட்டால் எல்லாம் நாலைந்து வீதம் சுருங்கிவிடும், முதல் தரம் எனக்கு அதுவும் நடந்தது.

கடையில் கொஞ்சம் மலிவாகப் போம் போட் இருந்தது, பெயர்ப்பலகைக்குப் பாவிக்கிற வெள்ளைப் பலகை. கறுப்பு ஸ்ரிக்கர் ஒட்டி அதையே கதவாக்கலாமோ என்று கேட்டேன். அண்ணை அதை லேசரில் வைக்கவே மாட்டேன் என்றார். அது பிவிசி, லேசரில் எரிந்தால் வருகிற ஆவியில் ஹைட்ரஜன் குளோரைட் இருக்கும், மூச்சுக்கும் கேடு, மெசினையும் துருப்பிடிக்க வைக்கும். படித்துச் சொன்னாரோ பட்டுச் சொன்னாரோ தெரியாது, சொன்னது சரி.

அக்ரிலிக் 1,450, வெட்டுக்கூலி 500. வெட்ட எடுத்தது சில நிமிடம். லேசர் வெட்டின விளிம்பு கண்ணாடிபோல மினுங்குகிறது, அரத்தால் தேய்க்கத் தேவையில்லை.

அரை மில்லிமீற்றர் செய்த வேலை

பாதுகாப்புத் தாளை உரிக்கும்போது ஒரு கவனம்: உரிக்கிறபோது நிலைமின் ஏறும், கை மயிர் எழும்புவது தெரியும். கணினிக்குத் தூரத்தில் உரித்து, ஈரச் சீலையால் துடைத்துவிட்டுக் கொண்டுவாருங்கள். துடைக்கத் தண்ணீரும் ஒரு சொட்டுச் சவர்க்காரமும் போதும். சானிரைசரோ கண்ணாடி துடைக்கிற மருந்தோ போட்டால் அக்ரிலிக்கில் மயிரிழை வெடிப்பு விழும், அதுவும் ஸ்குறூ இறுகின இடத்தில் முதலில் விழும்.

பூட்டினேன், வடிவாக இருந்தது. மருமகன் சிரித்தான், மூன்று கிழமைக்குப் பிறகு. ஒரு மணித்தியாலம் கேம் விளையாடின பிறகு பார்த்தால் கதவின் நடு வெளியே புடைத்துக்கொண்டு நிற்கிறது, ஏறத்தாழ ஐந்து மில்லிமீற்றர். ஃபான் வேகம் ஏறும்போது வண்டுபோல ஒரு ரீங்காரம் வேறு.

நான் துளையை 4 மில்லிமீற்றர் போட்டிருந்தேன். ஸ்குறூவின் தண்டு மூன்றரை, இறுக்கமாக இருந்தால் நல்லது என்று நினைத்தேன். அக்ரிலிக் சூட்டில் கண்ணாடியைவிட ஏழெட்டு மடங்கு விரிகிறது. 430 மில்லிமீற்றர் நீளத் தகடு 15 பாகை சூடேறினால் கிட்டத்தட்ட அரை மில்லிமீற்றர் நீளும். அரை மில்லிமீற்றர்தானே என்று தோன்றும், ஆனால் இரண்டு முனையும் அசையாமல் பூட்டியிருந்தால் அந்த நீளம் போக வேறு இடம் இல்லை, வில்லாக வளையும், நடுவில் அது பல மில்லிமீற்றராகத் தெரியும். பழைய கண்ணாடிக் கதவின் துளைகள் ஏன் அவ்வளவு பெரிதாக, நடுவில் றப்பர் வளையத்தோடு இருந்தன என்பது அப்போதுதான் விளங்கியது. அங்கே அது அதிர்வுக்கும் கண்ணாடி இரும்பில் படாமல் இருக்கவும். எனக்கு விரிவதற்கும் அதே இடம் தேவைப்பட்டது.

வட்ட அரத்தால் ஆறுதலாகத் தேய்த்துத் துளையை 7 மில்லிமீற்றராக்கினேன். பழைய றப்பர் வளையங்கள், நல்ல காலம், ஸ்குறூக்களோடு ஒரு யோகட் கோப்பையில் கிடந்தன, அவற்றையே திரும்பப் போட்டேன். ஆனால் பழைய கண்ணாடி 4 மில்லிமீற்றர், அக்ரிலிக் 3. ஸ்குறூ கடைசிவரை இறங்கியும் கதவு ஆடும். அந்த ஒரு மில்லிமீற்றருக்குச் சைக்கிள் ரியூப். கிழிந்த ரியூப்பிலிருந்து நாலு சின்ன வட்டம் வெட்டிக் குமிழின் மேல் வைத்தேன், ஆட்டமும் நின்றது, ரீங்காரமும் நின்றது. ஸ்குறூவை விரல் நுனியால் மட்டும் இறுக்கவேண்டும்.

அளந்து பார்த்தது

பங்குனியில் ஒரு ஞாயிறு, அறை வெப்பநிலை 31 பாகை, ஒரே கேம், ஒவ்வொரு முறையும் அரை மணித்தியாலம். கதவு இல்லாமல் வீடியோ காட் 72, நுளம்பு வலையோடு 73, அக்ரிலிக் மூடினபோது 79. சிபியூவில், அதாவது கணக்குப் போடுகிற சிப்பில், வித்தியாசம் குறைவு, 70, 70, 74. இது ஒரு கணினி, ஒரு அறை, முன்பக்கம் ஒரே ஒரு ஃபான் உள்ள கேசிங். உங்கள் பெட்டியில் முன்பக்கம் மூன்று ஃபான் இருந்தால் இந்த இடைவெளி சுருங்கிவிடும். வலை இவ்வளவு நன்றாக வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை, கதவே இல்லாததற்கும் அதற்கும் ஒரு பாகைதான் வித்தியாசம். சத்தம் மட்டும் வலையில் கூட, ஃபான் சத்தத்தை மறைக்க ஒன்றும் இல்லைத்தானே.

79 என்பது வீடியோ காட்டுக்கு ஆபத்தான சூடு இல்லை, பழைய கண்ணாடிக் கதவோடும் ஏறத்தாழ அப்படித்தான் ஓடியது. அக்ரிலிக் இளகத் தொடங்குவதற்கு 100 பாகை தாண்டவேண்டும், கதவு அதற்குக் கிட்டவும் போகாது.

செலவுக் கணக்கு இது. வீணான முதல் துண்டு 600, உறை பிரிக்காத பிட் 350, லேசர் வெட்டின கதவு 1,950, வலை 300. கூட்டினால் 3,200. பெற்றோலுக்கு ஒரு 600 போடலாம், அதே கடைக்கு நான் நாலு தரம் போனேன். முதலே லேசருக்குப் போயிருந்தால் 1,950இல் முடிந்திருக்கும். லைற் தெரியத் தேவையில்லை என்கிற ஆளுக்கு 300. நான் கெட்டிக்காரத்தனமாகச் செலவழித்தேன் என்று சொல்ல வரவில்லை, கைவேலை தெரியும் என்ற நினைப்புக்கு 950 ரூபா கட்டணம் கட்டினேன்.

ஏழு மாதத்துக்குப் பிறகு

சித்திரை வெயிலில் மருமகனே வந்து கேட்டான், "மாமா, அந்தக் கோழிக்கூடு எங்க?" அறை 34 தாண்டின நாட்களில் அக்ரிலிக்கைக் கழற்றிவிட்டு வலையைப் போட்டுக்கொண்டான். வைகாசிக்குப் பிறகு சோளகக் காற்றுத் தூசியைக் கிளப்ப, வலையில் ஒரு கிழமைக்குள் செம்மண் படை படிந்தது, திரும்ப அக்ரிலிக்குக்கு மாறினான். இப்போது நல்லூர்க் கோயில் திருவிழாவுக்குக் கொடியேறிவிட்டது, அக்ரிலிக்தான் நிற்கிறது. கீழ்ப்பகுதியில் கால் பட்டு மெல்லிய கீறல்கள் விழுந்திருக்கின்றன, லைற் எரியும்போது சிலந்திவலைபோலத் தெரியும், அது அக்ரிலிக்கின் குணம். வெடிப்பு ஒன்றும் இல்லை. போன மாதம் அம்மி நிற்கிற மூலையில் ஒரு கண்ணாடிக் கல்கண்டு அகப்பட்டது, விறாந்தையிலிருந்து அங்கே எப்படிப் போனது என்று தெரியவில்லை.

குங்குமம் தொட்ட அட்டையை அலுமாரிக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். சாவகச்சேரியிலிருந்து மருமகனின் நண்பன் ஒருவன், அதே கேசிங், அதே ரைல்ஸ், அதே கதை என்று வந்தான். வரைபடத்தை அனுப்பும்போது முதலில் அட்டையில் பதித்துப் பார் என்று சொன்னேன், அவன் நேரே வெட்டக் கொடுத்துவிட்டான். மேலே இரண்டு துளையும் கச்சிதம், கீழே இரண்டும் கொஞ்சம் தள்ளி. ஒரே மொடலில் பிந்தி வந்த பதிப்பாம். துளை பெரிதாக இருந்ததால் கீழே மட்டும் றப்பர் வளையத்தை எடுத்துவிட்டு, ஸ்குறூவுக்குக் கீழே அகலமான வாசர் போட்டுப் பூட்டிக்கொண்டான்.